ஒரே பெயர், வேறு விலாசம்: கட்சிக்காரரின் மின்னஞ்சலைக் காப்பது பற்றி இளம் வக்கீல்களுக்கு

செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் மட்டும் அல்ல. பெயருக்கு முன்னால் வரிசையாக நிற்கும் தலைப்பெழுத்துகளுக்கும் விலாசம் என்றுதான் பெயர். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே வளவில் மூன்று அண்ணாமலை இருப்பார்கள். விலாசத்தை வைத்துத்தான் இவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியும். மின்னஞ்சல் பெட்டிக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது. 'அண்' என்று தட்டியதும் அதற்குத் தோன்றிய ஓர் அண்ணாமலையைக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. பாகப்பிரிவினை வழக்கு. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் பெரிய வீடு, இருபத்தாறு பங்குக்காரர்கள். என் கட்சிக்காரரை இங்கே அண்ணாமலை என்று வைத்துக்கொள்வோம். அவர் பினாங்கில் இருந்தார். சமரசப் பேச்சில் எந்தத் தொகை வரை இறங்கி வரலாம் என்று அவர் தொலைபேசியில் சொன்னதை ஒரு பத்தியாக எழுதி, "இது சரிதானா?" என்று கேட்டு அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்தது எதிர்த்தரப்பில் இருந்த அதே பெயருள்ள பங்காளிக்கு. அவருடைய முகவரி என் பெட்டியில் எப்படி வந்தது என்றால், சில மாதங்களுக்கு முன் அவர் வீட்டு வரைபடம் ஒன்றை நேராக எனக்கே அனுப்பியிருந்தார். "உங்கள் வக்கீல் வழியாக அனுப்புங்கள்" என்று ஒரு வரியில் பதில் போட்டேன். முறைப்படி நடந்துகொண்ட அந்த ஒரு வரியோடு அவர் முகவரியும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அன்று இரவு ஒன்பது மணிக்குப் பினாங்குக்குப் பேசினேன். அங்கே பதினொன்றரை. நடந்ததைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தொகை அதில் இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது.

காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை நீதிமன்றங்களில் புதிதாகக் கால் வைக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் 'ஹேக்கிங்' பற்றித்தான். எங்கோ இருட்டறையில் ஒருவன் உட்கார்ந்து நம் பெட்டியை உடைக்கப் பார்க்கிறான் என்று நினைக்கிறார்கள். இருபத்து மூன்று ஆண்டுத் தொழிலில் என் கண்முன் வெளியே போன இரகசியங்களில் ஒன்றுகூட அப்படிப் போகவில்லை. எல்லாம் வீட்டுக்குள்ளிருந்தும் அலுவலகத்துக்குள்ளிருந்தும் ஜெராக்ஸ் கடையிலிருந்தும் போனவை. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது

என் தலைமுறை 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவைப் படித்து வளர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் அந்த இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023 நிற்கிறது. பிரிவு எண் 132. தொழிலின் போக்கில், அந்தத் தொழிலுக்காகக் கட்சிக்காரர் நம்மிடம் சொன்னதையும், அப்போது நமக்குத் தெரியவந்த ஆவணத்தின் உள்ளடக்கத்தையும், நாம் அவருக்குக் கொடுத்த ஆலோசனையையும் அவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. வேலை முடிந்த பிறகும் இந்தக் கடமை முடிவதில்லை. குமாஸ்தா, ஊழியர், மொழிபெயர்ப்பாளர் ஆகியோருக்கும் இதே கட்டுதான். இந்திய பார் கவுன்சில் விதிகளில் 17-ஆவது விதி இதே கடமையைத் தொழில் ஒழுக்கமாக்குகிறது. கட்சிக்காரர் வைத்த நம்பிக்கையைத் தன் ஆதாயத்துக்குத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்று 24-ஆவது விதி சொல்கிறது. மீறியதாக மெய்ப்பிக்கப்பட்டால் வக்கீல்கள் சட்டம், 1961-இன் 35-ஆம் பிரிவின்படி கண்டனம், தொழில் செய்யத் தற்காலிகத் தடை, பதிவேட்டிலிருந்து பெயர் நீக்கம் என்று மூன்று வகைத் தண்டனை உண்டு.

விதிவிலக்கையும் சேர்த்தே படியுங்கள். சட்டவிரோதமான காரியத்தை நடத்திக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டதற்குப் பாதுகாப்பு இல்லை. நாம் வழக்கை எடுத்துக்கொண்ட பிறகு நடந்த குற்றமோ மோசடியோ நம் கண்ணில் பட்டால் அதற்கும் இல்லை. "பழைய தேதியிட்ட முத்திரைத்தாள் கிடைக்கும், குடும்ப ஏற்பாடு ஒன்று எழுதிவிடலாமா?" என்று ஒரு கட்சிக்காரர் மின்னஞ்சலில் கேட்டால், அந்த வரியை 132-ஆம் பிரிவு மூடி மறைக்கும் என்று நம்பிவிடாதீர்கள். அவருக்கும் அதைச் சொல்லிவிடுங்கள்.

2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் தந்த தீர்ப்பையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கட்சிக்காரரின் வழக்கு விவரத்தைக் கேட்டு அவருடைய வக்கீலுக்குப் புலனாய்வு அதிகாரி சம்மன் அனுப்பக் கூடாது. மேற்சொன்ன விதிவிலக்குக்குள் வந்தால் மட்டும், அதுவும் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத மேலதிகாரி எழுத்தில் ஒப்புதல் கொடுத்தால்தான் முடியும். வக்கீலின் கணினியோ செல்பேசியோ வேண்டுமென்றால் அது நீதிமன்றத்தின் முன்னால்தான் வைக்கப்பட வேண்டும். வக்கீலையும் கட்சிக்காரரையும் வைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். மற்றக் கட்சிக்காரர்களின் இரகசியம் அதில் வெளியாகிவிடக் கூடாது. இதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, என் பெட்டியில் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே குவியலாகக் கிடக்கிறார்களே என்பதுதான். ஒருவருடையதை மட்டும் எடுத்துக் கொடு என்று நீதிமன்றம் சொன்னால், எடுத்துக் கொடுக்கும்படி அது அடுக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லவா? அன்று முதல் ஒரு வழக்குக்கு ஓர் அடைவு (ஃபோல்டர்). அலுவலகத்தில் ஒரு வழக்குக்கு ஒரு கட்டு என்பது பாட்டன் காலத்து வழக்கம். கணினியில் மட்டும் அதை ஏனோ மறந்துவிட்டோம்.

மேலே சொன்ன இந்தியச் சட்டத்திலும் விதிகளிலும் 'மின்னஞ்சலை இப்படிப் பூட்டு' என்று எங்கும் இல்லை. வெளியே சொல்லாதே என்பதோடு நிற்கிறது. எப்படிக் காப்பது என்பது நம் பாடு. அமெரிக்க வக்கீல் சங்கம் இதை நெடுநாளாக யோசித்திருக்கிறது. சாதாரண மின்னஞ்சலே போதும் என்று 1999-இல் கருத்துச் சொன்ன சங்கம், 2017-இல் விஷயத்தின் கனத்தைப் பார்த்து நியாயமான முயற்சி எடுக்க வேண்டும், கனமான விஷயத்துக்குக் கூடுதல் பூட்டுத் தேவைப்படலாம் என்று மாற்றிச் சொன்னது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாய்தா தேதியைச் சொல்லும் அஞ்சலுக்கும் உயில் வரைவுக்கும் ஒரே பூட்டு எதற்கு என்ற அந்த யோசனை நமக்கும் பொருந்தும்.

முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி

வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே கேளுங்கள்: "இந்த முகவரிக்கு வருவதை உங்களைத் தவிர யார் யார் படிப்பார்கள்?"

யாரும் இல்லை என்றுதான் முதலில் சொல்வார்கள். விடாமல் கேளுங்கள். எழுபது வயது ஆச்சிக்கு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. அதைத் திறந்து படித்துச் சொல்வது பேரன். அந்தப் பேரனின் இன்னொரு பக்கத்து மாமாதான் பிரதிவாதி. கோலாலம்பூரில் இருக்கும் ஒருவருக்கும் அவருடைய தம்பிக்கும் ஒரே கணக்கு. அப்பா இருந்த காலத்தில் கடைக்காகத் தொடங்கியது. இப்போது தம்பி எதிர்க்கட்சி, கடவுச்சொல் மட்டும் பழையது. இந்த வகை வீடுகளில் ஒரு முகவரி என்பது முகப்புத் திண்ணை மாதிரி. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்றுதான் அது தொடங்குகிறது.

செல்பேசி எண்ணையும் விடக் கூடாது. வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்திய சிம் ஒன்றை வங்கிக்காக உயிரோடு வைத்திருப்பார்கள். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், "ஊரில் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு சின்ன செல்பேசியில் போட்டு வைத்திருக்கிறேன்" என்பார்கள். மின்னஞ்சல் கணக்கை மீட்கும் எண்ணாக அதைக் கொடுத்திருந்தால், கடவுச்சொல்லை மாற்றும் ஓடிபி அந்தச் சின்னச் செல்பேசிக்குத்தான் வரும். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் நல்லவர்தான். அவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று பாருங்கள். பல வீடுகளில் எல்லாப் பங்காளிகளும் சேர்ந்துதான் கொடுக்கிறார்கள்.

அலுவலக முகவரியும் வேண்டாம். சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்க்கும் கட்சிக்காரர் அந்த நிறுவன முகவரியிலிருந்தே விவாகரத்து விவரம் முழுவதையும் எழுதி அனுப்புவார். அந்தப் பெட்டிக்குச் சாவி முதலாளியிடமும் இருக்கிறது. நான் முன்பு சொன்ன அமெரிக்கச் சங்கம் 2011-இலேயே இதற்கென்று ஒரு கருத்துரை கொடுத்து, முதலாளியின் கருவியில் எழுத வேண்டாம் என்று கட்சிக்காரரை எச்சரிப்பது வக்கீலின் வேலை என்றது. நான் கடுமையாகவே சொல்லிவிடுவேன்: புதிதாக ஒரு கணக்குத் தொடங்குங்கள், உங்கள் சொந்தச் செல்பேசியில் மட்டும் வையுங்கள், மீட்பு எண்ணாக நீங்கள் கையில் வைத்திருக்கும் எண்ணைக் கொடுங்கள். பத்து நிமிட வேலை.

அண்ணன் தம்பி ஐந்து பேர் சேர்ந்து ஒரே வக்கீலை வைத்துக்கொண்டால் இன்னொன்றையும் தொடக்கத்திலேயே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். இந்த வழக்கைப் பொறுத்தவரை ஐவருக்குள் இரகசியம் கிடையாது, ஒருவர் எழுதுவதை மற்ற நால்வருக்கும் காட்டுவேன், உங்களுக்குள் முரண்பாடு வந்தால் நான் விலகிக்கொள்ள நேரும். இப்படிச் சொன்னதும் ஒருவர் மட்டும் தயங்கி எழுந்து வெளியே போய்ப் பேசிவிட்டு வருவார். அந்தத் தயக்கம் அன்றே தெரிவது நல்லது.

உங்கள் சொந்தப் பெட்டி

தொழிலுக்குத் தனிக் கணக்கு. கல்லூரிக் காலத்து முகவரியில், திருமண மண்டப விளம்பரங்களுக்கு நடுவே கட்சிக்காரரின் கடிதத்தைத் தேடாதீர்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பைக் கட்டாயம் போடுங்கள். முடிந்தால் குறுஞ்செய்திக்குப் பதிலாகச் செல்பேசியில் எண் காட்டும் சரிபார்ப்புச் செயலியை வையுங்கள்.

கடவுச்சொல் விஷயத்தில் ஊர் உலகத்துக்கு ஒரு நியாயம், செட்டிநாட்டுக்கு ஒரு நியாயம். எங்கும் எதிராளி முகம் தெரியாதவன். இங்கே பாகப்பிரிவினையிலும் உயில் வழக்கிலும் சுவீகார வழக்கிலும் எதிராளி பங்காளி. அம்மாவின் பிறந்த வீடு எது, முதலில் படித்த பள்ளி எது, செல்லப் பெயர் என்ன, கல்யாணத் தேதி எது என்று கணக்கை மீட்கக் கேட்கப்படும் அத்தனை கேள்விக்கும் அவருக்கு விடை தெரியும். கட்சிக்காரர் தன் கோயிலின் பெயரோடு பிறந்த ஆண்டைச் சேர்த்துக் கடவுச்சொல் வைத்திருப்பார். ஒன்பது நகரக் கோயில்கள்தான் இருக்கின்றன. அதிலும் பங்காளி என்றாலே ஒரே கோயில். முதல் தடவையிலேயே திறந்துவிடும். ஆகவே அந்தக் கேள்விகளுக்குப் பொய்யான விடை கொடுக்கச் சொல்லுங்கள். தொழிலில் நான் பொய் சொல்லச் சொல்லிக் கொடுக்கும் ஒரே இடம் அதுதான். கடவுச்சொல்லுக்கு ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்துக்கொள்ளலாம். அதை எழுதி வைத்தாலும் பரவாயில்லை, ஊர் வீட்டுப் பெட்டகத்தில் மட்டும் வைக்க வேண்டாம்.

அனுப்பும் நேரம்

'அண்' என்றதும் தானாக முகவரி வந்து நிற்கும் வசதியை நான் அணைத்துவிட்டேன். உங்கள் பெட்டியில் முழுவதும் அணைக்க முடியாவிட்டால், எழுதிய எல்லாரையும் தானாகத் தொடர்புப் பட்டியலில் சேர்க்கும் அமைப்பையாவது நிறுத்துங்கள். எதிர்த்தரப்பு முகவரிகளைப் பட்டியலிலிருந்து தேடி நீக்குங்கள். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை முப்பது விநாடி வரை நீட்டிக்கொள்ளலாம். அது ஐந்து விநாடியில் கிடக்கும். அமைப்புப் பக்கத்தில் மாற்றுங்கள். முப்பது விநாடி என்பது நெஞ்சு திடுக்கென்று ஆகப் போதுமான நேரம்.

பட்டியலில் கட்சிக்காரரின் பெயரை விலாசத்தோடு சேமியுங்கள். அதோடு வழக்கு எண்ணும், வாதியா பிரதிவாதியா என்பதும் இருக்கட்டும். எழுதும் ஒழுங்கையும் கொஞ்சம் தலைகீழாக்கிக்கொள்ளலாம்: முதலில் கடிதம், பிறகு இணைப்பு, கடைசியாக முகவரி. முகவரி காலியாக இருக்கும் வரை தவறுதலாக எதுவும் வெளியே போகாது.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எழுதும்போது கட்சிக்காரரை நகலில் சேர்க்காதீர்கள். மறைநகலில் சேர்ப்பது அதைவிட மோசம். அவர் செல்பேசியில் படித்துவிட்டு 'அனைவருக்கும் பதில்' என்பதை அழுத்தி, "இவனுக்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் தர வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே" என்று எழுதுவார். அந்தப் பதில் எதிர் வக்கீலின் மேசையில் இருக்கும். அனுப்பிய பிறகு தனியாக ஒரு நகலை அவருக்கு மேலனுப்புங்கள்.

தலைப்பு வரியில் விவரம் வேண்டாம். கடிதத்துக்குள் எத்தனை பூட்டுப் போட்டாலும் தலைப்பு, செல்பேசியின் மூடிய திரையிலேயே வந்து நிற்கும். 'இரண்டாம் திருமண ஆதாரம்' என்று எழுதி அனுப்பினால், வீட்டுக் கூடத்தில் மின்னேற்றத்துக்குப் போட்டிருக்கும் செல்பேசியில் அது எல்லாருக்கும் தெரியும். வழக்கு எண் போதும்.

கடிதத்தின் அடியில் 'இது இரகசியமானது, பெறுநர் தவிர யாரும் படிக்கக் கூடாது' என்று எட்டு வரிக்கு எழுதிவைக்கும் வழக்கத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். படித்து முடித்த பிறகுதான் அந்த வரி கண்ணில் படும். ஜிமெயிலில் இருக்கும் இரகசிய முறையும் மேலனுப்புவதையும் அச்சிடுவதையும் தடுக்கும், அவ்வளவுதான். திரையைப் படம்பிடிப்பதைத் தடுக்காது.

கனமான ஆவணங்களுக்கு, அதாவது உயில் வரைவு, சொத்துக் கணக்கு, சமரசத் தொகை, மருத்துவ அறிக்கை, குழந்தை சம்பந்தப்பட்ட எதற்கும், கடவுச்சொல் போட்ட பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். கடவுச்சொல்லைத் தொலைபேசியில் வாயால் சொல்லுங்கள். அதே மின்னஞ்சலின் அடுத்த வரியில் கடவுச்சொல்லை எழுதுவது, பூட்டிவிட்டுச் சாவியைக் கதவிலேயே விட்டுப் போவது.

இணைப்புக்குள் ஒளிந்திருப்பவை

வேர்டு கோப்பில் வரைவை அனுப்பினால், திருத்தத் தடங்களும் ஓரக் குறிப்புகளும் கூடவே போகும். "இந்தப் பத்தி பலவீனம், ஆதாரம் இல்லை" என்று மூத்தவர் ஓரத்தில் எழுதியதோடு எதிருரை வரைவு எதிர்த்தரப்புக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். திருத்தங்களை ஏற்று, குறிப்புகளை நீக்கி, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். பிடிஎஃப் கோப்பில் ஆதார் எண்ணின் மேல் கறுப்புப் பட்டை வரைந்தால் மறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வெறும் பட்டை என்றால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும். நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் வந்துவிடும். எனக்குத் தெரிந்த மிக நிச்சயமான வழி பழைய வழிதான்: அச்சிட்டு, எண்ணை அடித்து, மறுபடி ஸ்கேன் செய்வது.

இலவச மொழிபெயர்ப்புத் தளங்களிலும் செயற்கை நுண்ணறிவுத் தளங்களிலும் கட்சிக்காரரின் கடிதத்தை அப்படியே ஒட்டுவதை நிறுத்துங்கள். ஒட்டியது எங்கே தங்குகிறது என்று உங்களால் கட்சிக்காரருக்குச் சொல்ல முடியாது. பெயர், ஊர், தொகை எல்லாம் எடுத்துவிட்டால் மீதியைக் கேட்கலாம். சட்டம் மொழிபெயர்ப்பாளரைக் கட்டுவது நமக்கு நினைவில் இருக்க வேண்டும்.

நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள கடை

இளையவர்கள் பாதிப் பேருக்குச் சொந்தமாக ஸ்கேனர் கிடையாது; மின்வழித் தாக்கல் வந்த பிறகு எல்லாரும் ஓடுவது கடைக்குத்தான். ஒருமுறை நானும் அவசரமாக ஒரு மனுவை ஏற்ற ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். என் கோப்பைத் தேடித் 'தரவிறக்கம்' அடைவைத் திறந்தபோது, மூன்று மாதத்து வழக்குகள் வரிசையாகக் கிடந்தன. வக்காலத்து, பிரமாண வாக்குமூலம், ஒரு பெண்ணின் ஜீவனாம்ச மனு, அவருடைய வங்கிக் கணக்கு அறிக்கை. கோப்பின் பெயரே ஆளின் பெயர். அதில் என் வழக்கு ஒன்றின் எதிர்த்தரப்பு வக்கீல் போட்ட கோப்பும் இருந்தது. திறக்கவில்லை. பக்கத்து மேசையில் ஒரு பள்ளி மாணவன் விளையாட்டுக்குக் காத்திருந்தான்; எனக்கு அடுத்து அந்தக் கணினி அவனுக்கு. கடைக்காரரைக் கூப்பிட்டு அந்த அடைவு முழுவதையும் அழிக்கச் சொன்னேன், குப்பைத் தொட்டியையும் சேர்த்து. பிறகு அந்த வக்கீலுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் முதலில் கோபப்பட்டார், பிறகு நன்றி சொன்னார்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால்: உங்கள் மின்னஞ்சலை அங்கே திறக்காதீர்கள். கடைக்காரரின் வாட்ஸ்அப்பிற்குக் கோப்பை அனுப்பி அச்செடுக்கும் பழக்கம் இன்னும் கேடு. அது அவர் செல்பேசியின் படத்தொகுப்பில் கல்யாணப் படங்களோடு தங்கிவிடும். பென் டிரைவில் அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்துப் போங்கள், அதிலிருந்தே அச்சிடுங்கள், உலாவியை மறைமுக முறையில் திறந்து வேலை முடிந்ததும் வெளியேறுங்கள். இரண்டு மூன்று இளையவர்கள் சேர்ந்து ஒரு ஸ்கேனர் வாங்கிக்கொள்வது இதைவிட நல்லது. செல்பேசியில் ஸ்கேன் செய்தாலும் போதும். ஆனால் அந்தப் படங்கள் தானாக மேகக் கணக்குக்கு ஏறி, வீட்டிலுள்ள தொலைக்காட்சியில் குடும்பப் படங்களோடு ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

குமாஸ்தாவும் ஜூனியரும்

பழைய செட்டியார் வீடுகளில் பெட்டியடிக் கணக்குப்பிள்ளைக்குத் தெரியாத கணக்கு கிடையாது. நம் அலுவலகத்தில் அந்த இடம் குமாஸ்தாவுக்கு. அவரை நம்பாமல் தொழில் நடக்காது; ஆனால் நம் கடவுச்சொல்லை அவரிடம் கொடுக்கத் தேவையும் இல்லை. அலுவலகத்துக்கென்று வாய்தாவும் தாக்கல் செய்தியும் மட்டும் வரும் தனி முகவரி வைத்து அதைக் கொடுங்கள். யாராவது வேலையை விட்டுப் போனால், சண்டையோ சமாதானமோ, அன்று மாலையே கடவுச்சொல் மாற வேண்டும். கணக்கில் எந்தெந்தக் கருவிகள் உள்ளே இருக்கின்றன என்று பார்த்து வெளியேற்ற வேண்டும்.

பணம் சம்பந்தப்பட்ட மின்னஞ்சலுக்கு ஒரு தனிக் கட்டளை. "முத்திரைத்தீர்வைத் தொகையை இந்தப் புதிய கணக்குக்கு அனுப்பவும்" என்று நம் பெயரில் போலிக் கடிதம் போவது உலகம் முழுவதும் நடக்கும் மோசடி. வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பும் நம் ஊர்க் கட்சிக்காரர்கள் அதற்குத் தோதானவர்கள். என் வங்கிக் கணக்கு மின்னஞ்சலில் ஒருபோதும் மாறாது, மாறினால் என் குரலில் கேட்ட பிறகே அனுப்புங்கள் என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

தவறு நடந்துவிட்டால்

முதலில் கட்சிக்காரரிடம் சொல்லுங்கள், அன்றே. மற்றதெல்லாம் அதற்குப் பின். தவறாகப் போய்ச் சேர்ந்தவரின் வக்கீலுக்கு எழுதி, படிக்காமல் அழிக்கக் கேளுங்கள். எதிர்த்தரப்பு ஆளுக்கு நேராக எழுதாதீர்கள், அது இன்னொரு விதி மீறல். கணக்கை யாரோ திறந்திருக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, யாருக்காவது தானாக மேலனுப்பும் அமைப்புப் போடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய கடவுச்சொல் போட்ட பிறகும் கடிதங்கள் கசிந்துகொண்டே இருப்பது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழையுங்கள். ஆதாரத்துக்காக அந்த மின்னஞ்சல்களை அச்செடுத்துவிட்டு அழித்துவிடாதீர்கள். பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கொடுக்க மூலம் இருக்க வேண்டும்.

எனக்கு நடந்ததில், எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணியமானவர். ஆனால் அவருடைய கட்சிக்காரர் அதற்குள் படித்திருந்தார். சமரசம் நான் எழுதிய அந்தத் தொகையிலேயே முடிந்தது, ஒரு ரூபாய் கூடவில்லை. பினாங்கு அண்ணாமலை கட்டணத்தை முழுவதும் கொடுத்தார். அதற்குப் பிறகு எனக்கு எழுதவில்லை.

வழக்கு முடிந்த பிறகு

மூல ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அந்த வழக்கின் மின்னஞ்சல் அடைவை மறையாக்கம் செய்த வன்தட்டுக்கு மாற்றிவிட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மேல்முறையீட்டுக்கு மதுரைக் கிளைக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் அதுவரை பொறுத்திருங்கள். பழைய மடிக்கணினியை விற்கும்போது வன்தட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள்.

கட்சிக்காரர் காலமான பின்னும் கடமை தொடர்கிறது. இது நம் ஊரில் அடிக்கடி வரும் நெருக்கடி. போன ஆண்டு ஒருவர் இறப்புச் சான்றிதழோடு என் அலுவலகத்துக்கு வந்தார். "அப்பச்சி கடைசியாக உங்களுக்கு என்ன எழுதினார் என்று பார்க்க வேண்டும். மகன் நான் பார்க்கக் கூடாதா?" என்றார். காப்பி வாங்கிக் கொடுத்தேன். சொத்து ஆவணங்களின் பட்டியலைக் காட்டினேன். கடிதங்களைக் காட்டவில்லை. வாரிசுகள் எல்லாரும் சேர்ந்து கையெழுத்திட்டு எழுத்தில் கேளுங்கள், இல்லையென்றால் நீதிமன்றம் சொல்லட்டும் என்றேன். "அண்ணன்களுக்குக் காட்டினீர்களா?" என்று கேட்டார். அதற்கும் பதில் சொல்லவில்லை. அவர் மூன்றாவது மகன்; மூத்தவர்கள் இருவரும் அதே வாரத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல், அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.